மௌனம் சம்மதம் என்று யார் சொன்னது?

சில வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மீட்டிங். மேலாளரைத் தவிர்த்துப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். ஓர் அறிக்கையில் கணக்கு தப்பாகப் போய்விட்டது. அந்தப் பழி மொத்தமும் குழுவிலேயே வயதில் சின்னவளான ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. தப்பு அவளுடையது இல்லை. அவள் கைக்கு வந்த ஃபைலிலேயே எண்கள் பிழையாக இருந்தன. முந்தின வாரம் அதே ஃபைலை நானும் பார்த்திருந்ததால் எனக்கு நன்றாகத் தெரியும். மேலாளர் பேசப் பேச, அவள் தன் நோட்டில் ஒரே வரிக்கு அடியில் திரும்பத் திரும்பக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் தாள் கிழிந்துவிட்டது. அப்போதும் பேனாவை எடுக்கவில்லை.

நான் சுற்றிப் பார்த்தேன். ஒருவர் லேப்டாப் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இன்னொருவர் மெல்லத் தலையாட்டினார். யார் முகத்திலும் சலனம் இல்லை. இத்தனை பேருக்கும் சரியென்று படுகிறது என்றால் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கும்போல என்று நினைத்து நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

மீட்டிங் முடிந்து லிஃப்டுக்குக் காத்திருந்தபோது ஒருவர் தணிந்த குரலில் சொன்னார்: “பாவங்க, அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல.” சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று பேர் தனித்தனியாக வந்து அதையே சொன்னார்கள். தலையாட்டியவரும் அதில் ஒருவர். என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஒரே எண்ணம். ஐந்து பேரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இதைக் கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அதுவும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது மட்டுமே இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஃப்ளாய்டு ஆல்போர்ட், டேனியல் காட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1930-களின் தொடக்கத்திலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆங்கிலத்தில் இதற்கு pluralistic ignorance என்று பெயர். தமிழில் கூட்டு அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளுக்குள் பெரும்பாலானவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள், வெளியே வேறு மாதிரி நடந்துகொள்வார்கள், தான் மட்டும்தான் இப்படி நினைப்பதாக ஒவ்வொருவரும் நம்புவார்கள். என் மௌனத்துக்குக் காரணம் பயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் எதிரே இருப்பவரின் மௌனத்தைப் பார்த்ததும் ‘அவருக்குச் சம்மதம்’ என்று முடிவு கட்டிவிடுகிறேன். அவரும் என்னைப் பற்றி அப்படியே முடிவு கட்டுகிறார்.

ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற உளவியலாளர்கள் 1968-ல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றை என்னால் மறக்க முடிவதில்லை. மாணவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார்கள். சுவரில் இருக்கும் துவாரம் வழியாகப் புகை வர ஆரம்பிக்கும். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கூடவே, புகையைப் பார்த்தும் தோளைக் குலுக்கிவிட்டு எழுத்தைத் தொடர்வதற்கென்றே பழக்கப்படுத்திய இரண்டு பேரை உட்காரவைத்தபோது, எழுந்தவர்கள் 10 சதவீதம்தான். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், முகத்துக்கு முன்னால் கையால் புகையை விலக்கிக்கொண்டே படிவத்தை நிரப்பினார்கள். பிறகு கேட்டதற்கு, நீராவி என்று நினைத்தேன், ஏசியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன் என்றார்கள். இதில் என்னை உலுக்கியது இந்தப் பதில்தான். பயத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை அவர்கள். பக்கத்திலிருப்பவர் அசையாமல் இருந்ததால், புகையே அவர்களுக்குப் புகையாகத் தெரியவில்லை.

கூட்டத்தோடு இருந்தால் மனிதன் மனிதத்தன்மையை இழந்துவிடுவான் என்று எழுதுகிறவர்கள் மீது எனக்குக் கோபமே உண்டு. அவர்கள் வழக்கமாகக் காட்டும் உதாரணம் 1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனொவிஸ் என்ற பெண் கொல்லப்பட்டது. 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவர்கூட உதவவில்லை என்று இன்றைக்கும் ஃபார்வர்டு வருகிறது. அந்தக் கதை ஊதிப் பெருக்கப்பட்டது என்று அதை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸே 2016-ல் ஒப்புக்கொண்டது. ஒருவர் ஜன்னலிலிருந்து கத்தியதும் கொலைகாரன் முதலில் விலகிப் போயிருக்கிறான். கடைசி நிமிடங்களில் அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர் கீழே ஓடிவந்து கிட்டியைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார். ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லங்காஸ்டர் ஆகிய மூன்று நகரங்களின் தெருக் கேமராக்களில் பதிவான 219 தகராறுகளை ஆய்வாளர்கள் பின்னாளில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவராவது குறுக்கே புகுந்து தடுத்திருந்தார். தெருச் சண்டையில் ஆபத்து எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. புகையிலும் மீட்டிங்கிலும் நடப்பது என்னவென்றே தெளிவாகத் தெரிவதில்லை, அதனால்தான் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறோம். நான் புரிந்துகொண்ட வரையில் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

(1971-ல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்த சிறைப் பரிசோதனையை யாராவது கமெண்டில் கொண்டுவருவீர்கள் என்று தெரியும். இன்னும் கடுமையாக நடந்துகொள்ளச் சொல்லி ஒரு காவலரை வற்புறுத்திய ஒலிப்பதிவு பின்னால் வெளிவந்துவிட்டது. அதை நம்பி நான் எதையும் சொல்ல மாட்டேன்.)

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் செய்தது எளிமையான சோதனை. ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் எது இதே நீளம் என்று கேட்பார். விடை பளிச்சென்று தெரியும். ஆனால் முன்னால் பதில் சொல்லும் எல்லாரும், ஏற்கெனவே பேசிவைத்தபடி, தப்பான கோட்டையே காட்டுவார்கள். சோதனைக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது அந்தத் தப்போடு ஒத்துப்போனார்கள். எல்லாரும் பேசுவது இதோடு முடிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கடுத்தது. அந்தக் கும்பலில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், ஒத்துப்போகும் அளவு மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தது சுமார் 5 சதவீதத்துக்கு விழுந்துவிட்டது. இன்னும் ஒன்று. அந்த ஒருவர் சொல்வது சரியாகக்கூட இருக்க வேண்டியதில்லை. மற்றவர்களைவிட மோசமான வேறொரு தப்பைச் சொன்னாலும் ஒத்துப்போவது குறைந்தது. ‘எல்லாரும்’ என்ற மாயை உடைந்தாலே போதும்.

உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் மின்அதிர்ச்சிச் சோதனையிலும் இதே கதைதான். தப்பாகப் பதில் சொல்லும் ஒருவருக்கு மேலும் மேலும் கூடுதலான மின்அதிர்ச்சி கொடுக்கச் சொல்வார்கள்; அதிர்ச்சி நிஜமில்லை, ஆனால் கொடுப்பவருக்கு அது தெரியாது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து 450 வோல்ட் வரை போனவர்கள் 40 பேரில் 26 பேர் என்பது ஊரறிந்த செய்தி. பக்கத்தில் இரண்டு பேர் “இனி நாங்கள் செய்ய மாட்டோம்” என்று எழுந்துகொண்ட வடிவத்தில், கடைசி வரை போனவர்கள் 40-ல் 4 பேர் மட்டுமே.

பதவியும் படிப்பும் இதிலிருந்து யாரையும் காப்பாற்றுவதில்லை. 1961-ல் கியூபாவின் பே ஆஃப் பிக்ஸ் கடற்கரையில் அங்கிருந்து வெளியேறியவர்களில் சுமார் 1,400 பேரை ஆயுதங்களோடு இறக்கி காஸ்ட்ரோ ஆட்சியைக் கவிழ்க்கும் திட்டத்துக்கு அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசகர்கள் தலையாட்டினார்கள். 1,100-க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். அந்த அறையில் வாயைத் திறக்காமல் இருந்ததற்காக, அந்த ஆலோசகர்களில் ஒருவரான ஆர்தர் ஷ்லெசிஞ்சர் பின்னால் தன்னைத்தானே கடிந்து எழுதினார். அதற்கடுத்த வருடம் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுத்தப்பட்ட நெருக்கடி வந்தபோது, மற்றவர்கள் மனம்விட்டுப் பேசட்டும் என்று கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வராமல் இருந்தார். தலைமைப் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று நான் உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். குழுவில் இளையவரை முதலில் பேசவிடுங்கள். பேசுவதற்கு முன்னால் ஆளுக்கு இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். ஆஷின் சோதனையிலும் வாயால் சொல்லாமல் எழுதித் தந்தவர்கள் கும்பலோடு ஒத்துப்போனது மிகக் குறைவு.

தெருவில் யாராவது மயங்கி விழுந்து கிடந்தால், “யாராவது உதவுங்களேன்” என்று பொதுவாகக் கத்தாதீர்கள். “நீலச் சட்டை போட்டிருக்கீங்களே, நீங்க ஆம்புலன்சுக்கு போன் பண்ணுங்க” என்று ஒருவரைப் பார்த்துச் சொல்லுங்கள். பொறுப்பு இருபது பேருக்குள் கரைந்துபோகாமல் ஒருவர் கையில் வந்து நிற்கும்.

மீட்டிங்கில் எதிர்த்துப் பேச வேண்டும் என்றுகூட இல்லை. “எனக்கு இதுல ஒரு சந்தேகம் இருக்கு” என்றாலே போதும். கொஞ்ச நாளாக நான் இதைச் செய்துவருகிறேன். பல தடவை, அந்த வாக்கியம் முடிவதற்குள் எதிர்ப்பக்கம் ஒருவர் நிமிர்ந்து உட்காருகிறார்.

அந்தப் பெண் இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டாள். ரொம்ப நாள் கழித்து ஒருநாள் போனில் பேசினோம். அன்றைக்கு எங்களில் ஐந்து பேருக்கு அவள் மேல் தப்பில்லை என்று தெரியும் என்பதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள்:

“எனக்கு அவர் திட்டினது மறந்துபோச்சுக்கா. நீங்க பத்து பேரும் அவர் சொன்னதைத்தான் நம்புறீங்கன்னு நினைச்சு அந்த ரெண்டு மாசமும் தினமும் உள்ள வந்து உட்கார்ந்தேன் பாருங்க, அதுதான் மறக்கல.”