இவருக்குப் பதில் இவர்

அண்ணை: உதை ஒருக்கா நிப்பாட்டு. ஆர் உவன்?

தங்கச்சி: ரே வெக்கியோ. அந்தச் சிக்காகோப் பொலிஸ்காரன்.

அண்ணை: பேய்க்கதை கதையாதை. நேற்று ராத்திரி முழுக்கப் பாத்தனாங்கள். ரே வெக்கியோவுக்கு முன்மண்டையில மயிர் இல்லை, மூக்கு இந்தளவு. உவன்ர தலை முள்ளம்பன்றி மாதிரி நிக்குது.

தங்கச்சி: நேற்றுப் பாத்தது இந்த 'டியூ சவுத்' ரிவி நாடகத்தின்ர ரெண்டாவது சீசன். இது மூண்டாவது, 97ஆம் ஆண்டு.

அண்ணை: ஓ! எங்கட சீரியல்ல வாற மாதிரி. "இனி இவருக்குப் பதில் இவர்" எண்டு கீழ ஒரு வரி போட்டிருந்தா நான் ஏன் கேக்கிறன்?

தங்கச்சி: உது அப்பிடி இல்லை அண்ணை, கதைக்குள்ளயே மாத்தினது. உண்மையான ரே லாஸ் வேகஸில மாஃபியாத் தலைவன் வேசத்தில இருக்கிறார். அவர் சிக்காகோவில இல்லையெண்டு தெரிஞ்சா அங்க உயிர் போகும். அதுக்காக இந்தக் கொவால்ஸ்கி எண்ட வேறை பொலிஸ்காரன், நான்தான் ரே எண்டு வந்து அந்தக் கதிரையில இருக்கிறான். ஸ்ரேசன் முழுக்க ஓம் ரே, சரி ரே எண்டுதான் கதைக்கவேணும்.

அண்ணை: அப்ப நடிகர் மாறேல்லை?

தங்கச்சி: நடிகரும் மாறினதுதான்.

அண்ணை: அதைத்தானே சொன்னனான்! இவருக்குப் பதில் இவர்!

தங்கச்சி: ஐயோ.

அண்ணை: அந்தச் சிவப்புச் சட்டைக் கனடாப் பொலிஸ்காரன் ஒண்டும் கேக்கேல்லையோ?

தங்கச்சி: பிரேசர் லீவில ஊருக்குப் போட்டு வந்து பாத்தா, கூட்டாளியின்ர இடத்தில வேறை ஆள். ஒருத்தரும் ஒண்டும் நடக்காத மாதிரி. அவனும் உங்களை மாதிரித்தான் நிண்டு முழிக்கிறான்.

அண்ணை: கனடாக்காரன் எண்டா நியாயமா யோசிப்பான். இந்தா, உந்த றோட்டைப் பார்! உது சிக்காகோவோ? உது எங்கட ரொறன்ரோ!

தங்கச்சி: படம் எடுத்ததே இங்கதானே. சிக்காகோவுக்குப் பதில் ரொறன்ரோ.

அண்ணை: 94இல உவை உதை எடுக்கேக்கை நான் இரவு வேலை. விடியப்புறம் பஸ்ஸுக்கு நிக்கேக்கை ஒரு கமராவையும் காணேல்லை. சரி, அந்தப் பெட்டை எப்பிடிச் சமாளிக்கிறா? பிரான்செஸ்கா. காணாமல் போனது அவவின்ர அண்ணன் எல்லோ?

தங்கச்சி: கொவால்ஸ்கியை அண்ணன் எண்டு சொல்லித்தான் திரியவேணும்.

அண்ணை: முன்பின் தெரியாதவனையோ?

தங்கச்சி: மேலிடத்து உத்தரவு. அவவுக்கு இப்ப அந்த ஸ்ரேசனிலதான் வேலையும். முந்தி அங்க இருந்த இலெய்ன் படிச்சுப் பொலிஸ்காரியாப் போயிட்டா. அந்த மேசையில இவ. கம்பியூட்டரைத் தட்டித் துப்பு எடுத்துக் குடுக்கிறது இவ, கண்டுபிடிச்சம் எண்டு நெஞ்சை நிமித்துறது அவங்கள்.

அண்ணை: ஆனா ஒண்டு சொல்லவேணும். வாய் எண்டா அதுதான் வாய்! பிரேசரில விருப்பம் எண்டதை அண்ணன்ர முகத்துக்கு முன்னாலயே காட்டுறா பார். ஒளிவு மறைவு இல்லை. உப்பிடிப் பிள்ளையளைத்தான் எனக்குப் பிடிக்கும்.

(அண்ணை இதைச் சொல்லி உச்சுக்கொட்டி ரசிச்ச முகத்தை, தங்கச்சியான நான் கிட்ட இருந்து பாத்தனான். அதுதான் இதை எழுதுறன்.)

தங்கச்சி: பிடிக்குமோ?

அண்ணை: சத்தியமா.

தங்கச்சி: போன ஞாயிறு கோயில் கூட்டத்தில நான் கணக்குக் கேட்டனான்.

அண்ணை: அது வேறை.

தங்கச்சி: என்ர காலை மிதிச்சனீங்கள்.

அண்ணை: மேசைக்குக் கீழ இடம் காணாது.

தங்கச்சி: மூண்டு தரமோ?

அண்ணை: மெதுவாக் கதை எண்டதுக்கு மிதிச்சனான். சனம் திரும்பிப் பாத்தது.

தங்கச்சி: பிரான்செஸ்கா மெதுவாவோ கதைக்கிறா?

அண்ணை: அவ இங்கிலீசில கதைக்கிறா.

தங்கச்சி: இங்கிலீசில கதைச்சா துணிஞ்ச பிள்ளை, தமிழில கதைச்சா வாய்க்காரி. நல்லது.

அண்ணை: அதை விடு. வியாழக்கிழமை ஆற்ற கார்ல வந்து இறங்கினனீ?

தங்கச்சி: என்ன?

அண்ணை: சாம்பல் நிறம். இரவு ஒன்பதே கால்.

தங்கச்சி: அண்ணை, எனக்கு 46 வயசு.

அண்ணை: வயசு கேக்கேல்லை, கார் கேட்டனான்.

தங்கச்சி: வேலையில கூட இருக்கிற பிலிப்பைன்ஸ் மனிசி. பஸ் வரேல்லை, கொண்டுவந்து விட்டவ.

அண்ணை: மனிசியோ? தொப்பி போட்டிருந்தது.

தங்கச்சி: மைனஸ் 18இல தொப்பி போடாமல் ஆர் கார் ஓடுறது? இனி நம்பரையும் எழுதி வச்சிருப்பியள்.

அண்ணை: கடைசி மூண்டு இலக்கம் மட்டும்தான்.

தங்கச்சி: பேசாமல் நீங்களும் வேகஸுக்குப் போங்கோ. உங்கட இடத்துக்கு ஆளுக்கா பஞ்சம்? அண்ணன் எண்டது டியூட்டி, ஆரையும் போடலாம். யன்னல் சீலையை விலத்திப் பாக்கவும் மேசைக்குக் கீழ மிதிக்கவும் தெரிஞ்சாக் காணும்.

அண்ணை: எனக்குப் பதிலா உந்த முள்ளம்பன்றித் தலையனோ?

தங்கச்சி: அவன் பரவாயில்லை.

அண்ணை: கோவிக்காதை. உந்த நாய்க்கு என்ன, ஆக்களின்ர வாயையே பாத்துக்கொண்டு நிக்குது?

தங்கச்சி: அது பாதி ஓநாய். டீஃபன்பேக்கர். காது கேளாது, வாயசைவைப் பாத்து விளங்கிக்கொள்ளும். காது கேக்கிற சிலபேருக்கு அதுவும் இல்லை.

அண்ணை: ம்... உண்மையான ரே கடைசிவரைக்கும் வரமாட்டானோ?

தங்கச்சி: 99இல, கடைசிக் கதைக்கு வாறார். வந்து, கொவால்ஸ்கி முந்தி விவாகரத்துச் செய்த மனிசி ஸ்ரெல்லாவோட புளோரிடாவுக்குப் போய் போலிங் விளையாடுற இடம் ஒண்டு திறக்கிறார்.

அண்ணை: நில்லு, நில்லு. பொய் அண்ணன்ர பழைய மனிசியை மெய் அண்ணன் கூட்டிக்கொண்டு போறானோ?

தங்கச்சி: ஓம்.

அண்ணை: அப்ப பிரான்செஸ்காவுக்கு அவ என்ன முறை?

தங்கச்சி: அண்ணி.

அண்ணை: முந்தி?

தங்கச்சி: பொய்க் கணக்கில பாத்தா முந்தியும் அண்ணிதான்.

அண்ணை: அண்ணன் மாறினான், அண்ணி மாறேல்லை.

தங்கச்சி: இவவுக்குப் பதில் இவவேதான்.

அண்ணை: இந்த 'டியூ சவுத்'துக்குக் கீழ ஒரு வரி இல்லை, ஒரு குடும்ப மரமே போடவேணும். எனக்குத் தலை இடிக்குது. அண்ணைக்கு ஒரு தேத்தண்ணி போடு பாப்பம்.

தங்கச்சி: எந்த அண்ணைக்கு?