பாக்டீரியா ஈயத்தைத் தின்னாது

எந்த ஏரியில் கறுப்புத் தண்ணீர் தெரிந்தாலும் பாக்டீரியா உருண்டையையோ பவுடரையோ கொண்டுபோய் வீசுகிறோம். சாக்கடை நாற்றத்துக்குக் கொஞ்சம் உதவலாம். கன உலோகத்துக்குச் சுத்தமாக உதவாது. ஈயமும் காட்மியமும் தனிமங்கள். எந்த உயிரும் அவற்றை இல்லாமல் ஆக்க முடியாது. கரைந்திருப்பதைக் கரையாததாக மாற்றும், அவ்வளவுதான். ஏரியில் மாற்றினால் அது சேற்றில் படியும். சேறு கலங்கிக் காற்றுப் பட்டால் மறுபடி கரையும். அதனால் இதற்கு இடம் ஏரி இல்லை, அம்பத்தூர் பிளேட்டிங் (உலோக முலாம்) பட்டறைக்குள் ஒரு மூடிய தொட்டி.

துத்தநாகம், தாமிரம், நிக்கல், காட்மியம் உள்ள கழுவுநீருக்கு, சல்பேட்டைச் சல்பைடாக்கும் பாக்டீரியா நன்றாகவே பொருந்தும். அந்தச் சல்பைடு உலோகத்தோடு சேர்ந்து கரையாத தூளாகிவிடும். நெதர்லாந்தின் பூடல் துத்தநாக ஆலையில் மாசுபட்ட நிலத்தடி நீரை 1992 முதல் இப்படிச் சுத்திகரித்தார்கள். கணக்கு எளிது: 65 கிராம் துத்தநாகத்துக்கு 96 கிராம் சல்பேட், 64 கிராம் சிஓடி (பாக்டீரியாவுக்கான கரிம உணவை ஆக்சிஜன் தேவையாகச் சொல்லும் அளவு). லிட்டருக்கு 50 மில்லிகிராம் துத்தநாகம் உள்ள 1,000 லிட்டருக்கு 74 கிராம் சல்பேட்டும் 49 கிராம் சிஓடியும் வேண்டும். சிஓடியை இரட்டிப்பாகவே கொடுங்கள், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களும் பங்குக்கு வரும். இந்த உணவுக்கு மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) மலிவு, ஆனால் நிறம் விடும், எத்தனால் சுத்தம்.

தொட்டியைத் தொடங்கும் விதைப் பாக்டீரியாவுக்குப் பாக்கெட் வாங்க வேண்டாம். சாண எரிவாயுக் கலனின் குழம்பு போதும். பிஎச் 7 முதல் 8, ஓஆர்பி (நீரின் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க அளவு) மைனஸ் 200 மில்லிவோல்ட்டுக்குக் கீழே. முதல் சில வாரம் உலோகமே காட்டாமல் வளர்க்க வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது எங்கே என்றால், உலோக நீரை நேராகப் பாக்டீரியாத் தொட்டிக்குள் விடுவதில். தாமிரம் அதிகமானால் கூட்டமே செத்துவிடும். ஒரு தொட்டியில் சல்பைடு தயாராகட்டும், அந்த நீர் இன்னொரு தொட்டியில் உலோக நீரோடு சேரட்டும். அடுத்தது, வீழ்படிவு மாவு போல் நுண்ணியது, தானாகப் படியாது. அதைத் திரட்ட ஃபெரிக் குளோரைடும், பிடிக்க மணல் வடிகட்டியும் வேண்டும். சல்பைடு தொட்டியிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். 100 பிபிஎம் அளவில் உயிருக்கு ஆபத்து, அதே அளவில் மூக்கும் மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று மூடியைத் திறப்பவர்தான் விழுவார். மூடி, காஸ்டிக் சோடா ஸ்க்ரப்பர் (வாயுவைக் கழுவும் கருவி), வாயு அலாரம் மூன்றும் இல்லாத இடத்தில் இதைத் தொடங்கவே கூடாது. சயனைடு கழுவுநீர் தனி வழியில் போகட்டும். அமிலத்தோடு சேர்ந்தால் அதுவும் விஷ வாயு.

குரோம் பிளேட்டிங் நீருக்கு என் ஓட்டு பாக்டீரியாவுக்கு இல்லை. நீரில் குரோமியம் சல்பைடாகப் படியாது. பிஎச் 2.5 அளவில் சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டு, நச்சு மிகுந்த ஆறு இணைதிற குரோமியத்தை மூன்று இணைதிறமாக்கி, பிறகு காஸ்டிக் விட்டு 8.5 வரை ஏற்றினால் சில மணி நேரத்தில் பச்சையாகப் படிந்துவிடும்.

மிஞ்சும் கசடுதான் உண்மையான செலவு. சல்பைடு கசடை வெயிலில் பரப்பிக் காயவைத்தால் காற்றுப் பட்டுச் சல்பேட்டாகும், மழையில் உலோகம் திரும்ப ஓடும். குரோம் கசடைச் சுண்ணாம்போடு எரித்தால் ஆறு இணைதிற குரோமியம் திரும்ப வரும். வடித்து, மூட்டைகட்டி, கூரைக்குக் கீழே வைத்து, கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்புங்கள். லாரியோடு படிவம் 10 (அபாயக் கழிவு அனுப்பும் சீட்டு) போகிறதா என்றும் பாருங்கள்.