பத்தாம் வகுப்பு அறையில் ஒரு வாக்குச்சாவடி

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல். எங்கள் ஊரில் வாக்குச்சாவடி என்றால் அரசுப் பள்ளிதான். நான் ஓட்டுப் போட்டது என் மகள் அந்த வருஷம் முழுக்க உட்கார்ந்து படித்த பத்தாம் வகுப்பு அறையில். பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். கரும்பலகையில் பாதி அழிந்த கணக்கு. மூலையில் அட்டை மறைப்புக்குள் இயந்திரம்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தவள் என் விரல் மையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “ஏம்மா, ஓட்டு கேட்டு வந்தவங்க யாராவது எங்க பாத்ரூம் பத்திப் பேசினாங்களா?”

அந்தக் கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்படி நிற்கிற பிள்ளைகள் ஒருவருக்கும் ஓட்டு இல்லையே, யார் பேசுவார்கள்?

அன்றிலிருந்து என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். 16 வயதில் ஓட்டுரிமை கொடுக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே நாடாளுமன்றத்துக்கு வேண்டாம், முதலில் உள்ளாட்சித் தேர்தலில் கொடுக்கலாம். அரசமைப்பின் 326ஆவது பிரிவு 18 வயது என்று சொல்வது மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும்தான். பள்ளிக் கழிப்பறை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாம் ஊராட்சியில் முடிவாகிறவை. டியூஷன் முடிந்து இருட்டில் நடந்து வருகிற பிள்ளைக்குத் தெரியும், எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று.

18 என்பதும் ஆதியிலிருந்தே இருந்த எண் இல்லை. 1989 வரை 21தான். 61ஆவது திருத்தம் வந்துதான் குறைந்தது. பிரேசில் 1988இலேயே 16 வயதுக்காரர்களுக்கு, விரும்பினால் போடலாம் என்று ஓட்டுக் கொடுத்தது. ஆஸ்திரியா 2007இல் கொடுத்தது.

‘அப்பா அம்மா சொல்கிற சின்னத்தில்தானே குத்துவார்கள்’ என்கிறார்கள். பெண்களைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். முதல் பொதுத்தேர்தலின்போது தன் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்ததால் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதற்காகப் பெண்களுக்கு ஓட்டே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடவில்லை. என் பாட்டி கடைசிவரை தாத்தா சொன்ன சின்னத்தில்தான் போட்டார். என் அம்மா அப்படிப் போடவில்லை.

விவரம் பத்தாது என்றும் சொல்கிறார்கள். சரி, 2015 சிறார் நீதிச் சட்டப்படி கொடுங்குற்றம் என்றால் 16 வயதுப் பையனைப் பெரியவனாக வைத்து விசாரிக்க முடிகிறதே? தண்டிக்கும்போது மட்டும் விவரம் தெரிந்துவிடுகிறதா?

எனக்கு உள்ளூர இருக்கிற பயம் வேறு. பள்ளிக்கூடத்துக்குள் சாதிச் சங்கங்கள் புகுந்துவிடும். பிள்ளைகள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுக்க வேண்டி வந்ததே. இந்த விஷயத்தில் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஓட்டு இல்லாதபோதே கயிறு வந்துவிட்டது. சாதிக்காரர்கள் இந்தப் பிள்ளைகளைத் தேடி வருகிறார்கள், மற்றவர்கள் யாரும் வருவதில்லை. ஓட்டு இருந்தால் அவர்களும் வந்து பேசித்தானே ஆக வேண்டும்?

அந்த ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு மகளையும் கூட்டிப்போனேன். நான்தான் எழுந்து தாழ்ப்பாள் விஷயத்தைச் சொன்னேன். தீர்மானம் எழுதுகிறவர் நிமிர்ந்து, “எத்தனை கதவும்மா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. திரும்பி அவளைப் பார்த்தேன்.

“நாலு,” என்றாள். “ஒண்ணுக்குக் கதவே இல்ல.”