தோண்டி உடைந்த பாட்டுக்குள் துக்கம் எங்கே இருக்கிறது?

பூடகமான பாட்டு ஒன்று வந்துவிட்டால் போதும், பின்னாலேயே விளக்கங்கள் வந்துவிடுகின்றன. இந்த வரியில் வரும் பறவை பாடகரின் பழைய காதலி, அந்த வரியில் வரும் மழை அவருடைய அப்பாவின் மரணம், இப்படி. நானும் ஆசை ஆசையாகப் படிக்கிறவன்தான். ஆனால் படித்து முடித்ததும் பாட்டு சின்னதாகிப் போன மாதிரி இருக்கிறது. விடுகதை என்றால் விடை கிடைத்ததும் முடிந்துவிடும். பாட்டு அப்படி முடியலாமா?

கடுவெளிச் சித்தரை எடுத்துக்கொள்ளுங்கள்.

நந்த வனத்திலோர் ஆண்டி – அவன்
நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டிக்
கொண்டுவந் தானொரு தோண்டி – மெத்தக்
கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத் தாண்டி

ஆண்டி உயிர், குயவன் இறைவன், தோண்டி என்கிற மண்குடம் உடம்பு, நாலும் ஆறும் சேர்ந்த பத்து மாதம் கருவில் இருந்த காலம். பலருக்கும் தெரிந்த விளக்கம், சரியான விளக்கமும்கூட. ஆனால் இதில் உணர்ச்சி எங்கே? பத்து மாதம் கெஞ்சி வாங்கியிருக்கிறான். கோபத்தில் அவன் அதை உடைக்கவில்லை. கிடைத்த சந்தோஷத்திலேயே ஆடி உடைத்துவிடுகிறான். அப்புறம் அழுதானா, மறுபடியும் குயவனிடம் போய் நின்றானா, தெரியாது. இந்த நான்கு அடிகள் அவனைத் திட்டவும் இல்லை, அவனுக்காகப் பரிதாபப்படவும் இல்லை. சொற்கள் துள்ளிக்கொண்டே போகின்றன. எனக்கு இதன் துக்கமே அந்தத் துள்ளலில்தான் இருக்கிறது. 'உடம்பு நிலையில்லாதது' என்று சுருக்கினால் அது போய்விடும். 'பாபஞ்செய் யாதிரு மனமே' என்று தொடங்கி நேரடியாகப் புத்தி சொல்கிற நீளமான பாட்டு இது. ஆனாலும் பெரும்பாலானோர் மனதில் தங்கியது பூடகமான இந்தக் கண்ணிதான்.

அதனால் எது எதற்குக் குறியீடு என்பதை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். யார் பேசுகிறார், யாரிடம், எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார்? இவைதான் முதலில் வேண்டும்.

பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனன் 1967இல் எழுதிய 'ஐ ஆம் த வால்ரஸ்' பாட்டுக்கும் இது பொருந்தும். தான் படித்த பள்ளியில் பீட்டில்ஸ் வரிகளுக்குப் பொருள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆராய்கிறவர்களைக் குழப்பவே அவர் அப்படி எழுதினார். வரிக்கு வரி பொருள் தேடினால் ஒன்றும் நிற்காது. ஆனால் நடுநடுவே ஒரு குரல் தான் அழுவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வேண்டுமென்றே குழப்பிய பாட்டிலும் அந்த அழுகை கேட்கிறது.

அதற்காக ஆளுக்கொரு அர்த்தம், எல்லாமே சரி என்று விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. 1983இல் 'த போலீஸ்' என்ற இசைக்குழு வெளியிட்ட 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டைக் காதல் பாட்டு என்று நினைத்துக் கல்யாணங்களில்கூடப் போடுகிறார்கள். மெட்டு அவ்வளவு இதமானது. வரிகளைக் கேளுங்கள்: பிரிந்துபோனவளின் ஒவ்வொரு அடியையும் கண்காணிப்பேன் என்கிறான் ஒருவன். அவள் என்ன நினைக்கிறாள் என்று பாட்டு முழுக்க ஒரு வார்த்தை இல்லை. அதை எழுதிப் பாடிய ஸ்டிங்கே அதை இருண்ட பாட்டு என்றுதான் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும், அவளுக்குப் பேச இடமே தராத அந்த வரிகளை வைத்து நான் இதையேதான் வாதாடுவேன்.