எதிராளி இல்லையென்றால் வாக்குப்பதிவும் இல்லையா?

"பெரிய கட்சி எதிர்க்கவில்லை என்றால் பதவியில் இருக்கும் உறுப்பினர் போட்டியின்றி ஜெயித்ததாக அறிவிப்பார்கள், நோட்டா இரண்டாவது வந்தால் மறுதேர்தல்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 53ஆம் பிரிவு கட்சியின் அளவைப் பார்ப்பதில்லை, தலையைத்தான் எண்ணுகிறது. ஒரே ஒரு வேட்பாளர் மிஞ்சினால்தான் வாக்குப்பதிவு கிடையாது. 2024இல் சூரத்தில் நடந்தது அது. ஒரு சுயேச்சை நின்றாலும் பூத் திறந்தாக வேண்டும். நம்ம மூணாறு இருக்கும் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் 2021இல் பாஜக கூட்டணியின் அதிமுக வேட்பாளர் மனு தள்ளுபடி ஆனது; மூணாறுக்காரர்கள் வரிசையில் நிற்காமலா இருந்தோம்? (அங்கே பெரிய எதிராளியாக காங்கிரஸ் இருந்தது என்பது வேறு கதை.)

சரியான உதாரணம் இந்தூர். 2024இல் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நாளில் மனுவை வாபஸ் வாங்கிவிட்டார். பதவியிலிருந்த பாஜக எம்.பி. சங்கர் லால்வானிக்குப் பெரிய எதிராளியே இல்லை. ஆனாலும் வாக்குப்பதிவு நடந்தது. அவருக்கு 12,26,751 ஓட்டு, நோட்டாவுக்கு 2,18,674, பகுஜன் சமாஜ் வேட்பாளருக்கு 51,659. நோட்டா இரண்டாவது வந்தும் மறுதேர்தல் வரவில்லை.

அப்புறம், சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் நோட்டா முதலிடமே வந்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் உறுப்பினர்.