மூன்றே மூன்று கணவர்கள்

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். லெமனே கோட்டைக்கு முன்னால் நின்றுகொண்டு ‘இருபத்தைந்து புருஷன்களை விழுங்கிய ராட்சசி’ என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாரே, அதுதான். பின்னணியில் பேய்ச் சத்தம் வேறு.

இருபத்தைந்து இல்லை ஐயா, மூன்று. 17ஆம் நூற்றாண்டில் அந்தக் கோட்டையில் வாழ்ந்த மாய்ரே ரூவா மணந்தது மூன்றே பேரை.

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில், கோரோஃபினிலிருந்து கில்ஃபெனோரா போகும் வழியில் இருக்கிறது லெமனே. 15ஆம் நூற்றாண்டுக் கோபுரம். அதை ஒட்டி, வரிசை வரிசையாக ஜன்னல் வைத்த நான்கு மாடி வீடு. இரண்டாம் கணவர் கானர் ஓப்ரையனோடு சேர்ந்து அந்த வீட்டைக் கட்டியவள் அவள். 1643 என்று பொறித்த வாசலில் அவள் பெயரும் இருக்கிறது. 1651இல், அயர்லாந்தைப் பிடிக்க வந்த ஆங்கிலேயத் தலைவர் குரோம்வெல்லின் படையோடு மோதி கானர் செத்தார். எதிர்த்தவன் நிலமெல்லாம் பறிபோன காலம். அவள் அந்தப் படையிலேயே ஓர் அதிகாரியைக் கட்டிக்கொண்டாள். சொத்து மகனுக்குத் தங்கியது. இதில் ராட்சசி எங்கே வந்தாள்?

‘கதைதானே, ரசிக்கக் கூடாதா?’ என்பீர்கள். ரசியுங்கள். வேலைக்காரிகளை ஜன்னலில் தலைமுடியால் கட்டித் தொங்கவிட்டாளாம், அதையும் ரசியுங்கள். கொலைக் குற்றச்சாட்டு இருந்ததே என்றால், ஆமாம், இருந்தது. இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் மன்னிப்பும் கொடுத்தார். அன்றைக்குக் கத்தி எடுத்த ஆண்களை எல்லாம் மாவீரன் என்கிறோம், இவளிடம் மட்டும் கணக்குக் கேட்கிறோம். அவ்வளவுதான் விஷயம்.

என் அத்தை ஒருத்தி இருந்தாள். மாமாவின் காரியம் முடிந்த மறுநாளே வயலில் போய் நின்றாள். நிற்காவிட்டால் பங்காளிகள் வரப்பை நகர்த்தியிருப்பார்கள். ‘புருஷனை முழுங்கினவ’ என்று ஊரே பேசியது. அப்படிப் பேசியவர்களில் பாதிப் பேர் அவளிடம் நெல் கடன் வாங்கியவர்கள். அவள் சாகும்வரை கல்யாண வீட்டில் முன்வரிசைக்கு வந்ததில்லை. மூன்று கணவர் என்று நான் ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறேன் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

மாய்ரேவின் மகன் டோனா ‘சர்’ பட்டம் வாங்கினான், அதே கிளேரில் இருக்கும் ட்ரோமோலாண்டுக்குக் குடிபோனான். லெமனே கூரையில்லாமல் நிற்கிறது. அவள் பெயர் பொறித்த வாசலைக்கூடப் பின்னாளில் பெயர்த்து ட்ரோமோலாண்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். அங்கே 19ஆம் நூற்றாண்டில் எழுந்த மாளிகை இன்று ஆடம்பர ஓட்டல். அந்த வீடியோக்காரர் அங்கேயும் போய் ‘என்ன ஒரு பாரம்பரியம்!’ என்று உருகுகிறார். யார் காப்பாற்றிய சொத்தாம் அது?

போகட்டும். அந்த வீடியோவுக்கு விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை போட்டவர்கள் பட்டியலைப் பார்த்தேன். மூன்றாவது பெயர் என் அத்தை மகனுடையது.