அம்மாவிடம் பாஸ்புக் இருந்தது

முக்கூடலில் நான் வளர்ந்த தெருவில் பீடி சுற்றாத வீடு கிடையாது. அம்மா சுளகை மடியில் வைத்தால் உலையில் அரிசி போடத்தான் எழுந்திருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் உட்கார்ந்து முனை மடக்கிக் கொடுப்பேன், இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப் போடுவேன். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றிக் கொடுத்த பீடியைக் கணக்கு எழுதி வைக்கிற புத்தகத்துக்குப் பாஸ்புக் என்று பெயர். கடையில் கொண்டுபோய் வைத்தால் அங்கே ஒருவர் கட்டைப் பிரித்து, விரலில் உருட்டிப் பார்த்து, இது ஒல்லி, இது தளர்வு என்று பத்துப் பதினைந்தை ஒதுக்கிப் போடுவார். ஒதுக்கியதற்குக் கூலி இல்லை. கொடுத்த இலை ஓட்டையும் கிழிசலுமாக இருந்து எண்ணிக்கை குறைந்தால், அம்மா கைக்காசு போட்டு இலை வாங்கி ஈடுகட்டுவாள்.

இத்தனை வருஷம் கழித்து இதையெல்லாம் எழுத வைத்தது என் அக்கா மகள்.

டிகிரி முடித்துவிட்டு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். திரையில் ஏதோ ஒரு நாட்டுச் சாலையின் படம் வரும். அதில் தெரிகிற ஒவ்வொரு காரையும் சைக்கிளையும் ஆளையும் சுற்றி மவுஸால் பெட்டி வரைந்து, இது கார், இது நடந்து போகிறவர் என்று பெயர் கொடுக்க வேண்டும். டிரைவர் இல்லாமல் ஓடும் கார் பற்றி நிறையப் படிக்கிறோமே, அதற்குப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிற வேலை இது. படத்துக்கு இவ்வளவு என்று கூலி. கோடு கொஞ்சம் தள்ளிப் போனால் படம் திரும்பி வந்துவிடும். திரும்பி வந்ததற்குக் காசு இல்லை. கரண்ட் போனாலும் நெட் போனாலும் அது அவள் பாடு.

போன மாதம் ஊருக்குப் போனபோது அவள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மழையில் எடுத்த ஒரு படம். குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண், அவள் இடுப்பில் பிள்ளை. பிள்ளைக்குத் தனிப் பெட்டி போடணுமா, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றா? விதிமுறை என்று நாற்பது பக்கம் கொடுத்திருக்கிறார்கள், அதைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். புரட்டுகிற நேரத்துக்கும் கூலி கிடையாது. "சித்தி, இது மூணாவது தடவை திரும்பி வந்த படம்" என்றாள். மெஷின் தானாகவே கற்றுக்கொள்கிறது என்று இனி யாராவது சொன்னால் எனக்கு அந்தக் குடையும் பிள்ளையும்தான் ஞாபகம் வரும்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏட்டி, ஒங்களுக்கு பாஸ்புக்கு குடுத்திருக்காவளா?"

"அதெல்லாம் கிடையாது ஆச்சி."

"அப்போ யாருட்டி மொதலாளி?"

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வாட்ஸ்ஆப் குழுவில் வேலை பிரித்துக் கொடுக்கிற ஒருவரைத் தெரியும். அவருக்கு மேலே ஒரு கம்பெனி, அதற்கு மேலே இன்னொன்று. கடைசியில் அந்தப் படம் யார் காருக்குப் போகிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அம்மா கேட்டது லேசான கேள்வி இல்லை. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்ணும் தொழிலாளிதான் என்று 1966-ல் சட்டம் வந்தது. சங்கம் வைத்துப் போராடியவர்கள் இல்லாமல் அது வரவில்லை. வந்த பிறகும் பாதிப் பீடியை பாஸ்புக்கில் ஏற்றாமல் ஏமாற்றியவர்கள் உண்டு. ஆனாலும் கையில் ஒரு புத்தகம் இருந்தது. அதை நீட்டி அம்மா சண்டை போட்டிருக்கிறாள், நான் கூடவே நின்றிருக்கிறேன். அக்கா கல்யாணத்துக்குக் கை கொடுத்தது அவள் பி.எஃப். பணம்தான். ஆயுள் பூராவும் புகையிலைத் தூளுக்குள் உட்கார்ந்ததற்கு அது போதாது, சரி. ஆனால் அவள் உழைத்ததாக ஒரு கணக்கு இருந்தது.

அக்கா மகளுக்குத் தூள் இல்லை, வேறொன்று இருக்கிறது. கார் படம் குறைந்த ஒரு சமயம் வேறு வேலை வந்தது. கூலி கொஞ்சம் அதிகம். வீடியோக்களைப் பார்த்து எதில் ரத்தம், எதில் அடி, எதில் சின்னப் பிள்ளைகளைத் துன்புறுத்துவது என்று பிரித்துப் போட வேண்டும். ஒன்பது நாள் பார்த்தாள். பத்தாவது நாள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை. வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்ததால் பெற்ற தாயிடமே சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

2023 ஜனவரியில் டைம் பத்திரிகை இதையே கென்யாவிலிருந்து எழுதியது. கேட்டதற்குப் பதில் எழுதும் சாட்ஜிபிடி அசிங்கமாகப் பேசாமல் இருப்பதற்காக, மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலியில் அங்கே ஆட்கள் உட்கார்ந்து அசிங்கமான எழுத்தையெல்லாம் படித்துப் பிரித்திருக்கிறார்கள். அதே வருஷம் மே தினத்தன்று நைரோபியில் இப்படி வேலை பார்க்கும் 150-க்கும் மேற்பட்டவர்கள் கூடிச் சங்கம் அமைக்க முடிவெடுத்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் பீடிச் சங்கக் கொடிக்கம்பம் கண்ணில் தெரிந்தது.

அப்புறம் தண்ணீர். இந்த மெஷின்களை ஓட்டுகிற டேட்டா சென்டர் கட்டடங்களுக்குத் தண்ணீரும் வேண்டும். இதில் நெல்லைக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போவதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். 2017 மார்ச்சில் வழக்கு தள்ளுபடியானது. தோற்றாலும், எத்தனை லிட்டர், என்ன விலை என்று ஊரே கேட்டது. குளிர்பானம் என்றால் பாட்டில் கண்ணுக்குத் தெரியும், கேட்டோம். டேட்டா சென்டரில் என்ன தெரியும்? ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இரவு பகலாக ஓடிச் சூடாகின்றன. அந்தச் சூட்டைத் தணிக்கப் பல இடங்களில் நல்ல தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். ஆவியானது குழாய்க்குத் திரும்பாது. சாட்ஜிபிடிக்கு முந்தைய ஜிபிடி-3-ஐ ஒரு தடவை பயிற்றுவிக்க மட்டும் 7 லட்சம் லிட்டர் ஆவியாகியிருக்கலாம் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு ஆய்வாளர்கள் 2023-ல் மதிப்பிட்டார்கள். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி என்றால் 58 லாரி. மதிப்பீடுதான், ஏனென்றால் பல கம்பெனிகள் ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் கணக்குக் காட்டுவதில்லை. 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வாங்கிக் குடித்த சென்னையைச் சுற்றித்தான் இந்தக் கட்டடங்கள் எழும்புகின்றன. 2021-ல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே தனிக் கொள்கையும் வெளியிட்டது.

மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024-ல் உலகத்து டேட்டா சென்டர்கள் எடுத்தது சுமார் 41,500 கோடி யூனிட், 2030-ல் இது இரண்டு மடங்கைத் தாண்டும் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. கூடங்குளத்தின் ஓர் உலை வருஷம் முழுக்க ஒரு நாள் கூட நிற்காமல் ஓடினால் 876 கோடி யூனிட். அப்படி 47 உலை. ஓர் உலை எழும்புவதற்குள் இடிந்தகரைச் சனங்கள் பட்ட பாட்டை நாம் பார்த்தோம்.

"இந்த வேலையாவது கிடைக்குதே" என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. அம்மாவிடமும் அதைத்தான் சொன்னார்கள். வேலை இருக்கட்டும், நானும் போனில் இதையெல்லாம் உபயோகிக்கிறவள்தான். அந்தப் பிள்ளைகளைத் தொழிலாளி என்று எழுத்தில் ஒத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்புகிற படத்துக்குக் காரணம் சொல்லுங்கள், பார்த்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். ரத்தம் பார்க்க வைத்தால் மனநல மருத்துவர் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கட்டடத்து வாசலில் தண்ணீர் மீட்டரை ஊர் பார்க்கிற மாதிரி வையுங்கள்.

நெல்லை, தென்காசிப் பக்கம் இந்த வேலை பார்க்கிறவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் எழுதுங்கள், பெயர் வெளியே வராது. எழுதாவிட்டாலும் பரவாயில்லை, எத்தனை படம் செய்தீர்கள், எத்தனை திரும்பி வந்தது, எவ்வளவு கிடைத்தது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அக்கா மகள் போன வாரம் ஆரம்பித்துவிட்டாள். முதல் பக்கத்தில் கோடு போட்டுக் கொடுத்தது அம்மா.